மூணாம் வருஷ வகுப்புல போய் உக்காருங்க

மேஜர் டிக்ளேர் பண்ணியாச்சு மக்களே!

ஜியாலஜி.

கல்லு, மண்ணு, மலை, நிலத்தடி நீர், எரிமலை எல்லாம் சேர்ந்த படிப்பு. துறை ஆபீஸ்ல கையெழுத்து வாங்கிட்டு வெளிய வந்தப்ப அவ்வளவு சந்தோஷம். உடனே வீட்டுக்கு போன் போட்டேன். ஸ்பீக்கர்ல சித்தப்பா.

"ஏம்மா, காலேஜ் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகப்போகுது. இப்பத்தான் என்ன படிக்கிறதுன்னே முடிவு பண்றியா? அப்ப இத்தனை நாளா எதுக்கு ஃபீஸ் கட்டினாங்க உங்கப்பா?"

சித்தப்பா மேல எனக்குக் கோவம் இல்ல. பாசத்துல கேக்குறவர்தான். ஆனா இதே கேள்விய அத்தை கேட்டாச்சு, ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ் கேட்டாச்சு, பக்கத்து வீட்டு அக்கா கேட்டாச்சு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்றதுக்கு பதிலா மொத்தமா இங்கயே எழுதிடறேன். நீளமா போகும். டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

நம்ம ஊர்ல எப்படின்னு எல்லாருக்கும் தெரியும். பத்தாவது ரிசல்ட் வந்த கையோட ஃபர்ஸ்ட் குரூப்பா, கம்ப்யூட்டர் சயின்ஸா, காமர்ஸான்னு முடிவு பண்ணணும். அப்ப நமக்கு பதினஞ்சு வயசு. அப்புறம் +2 மார்க், கணக்குக்கு நூறு, ஃபிசிக்ஸ் அம்பது, கெமிஸ்ட்ரி அம்பதுன்னு எரநூறுக்கு கட்-ஆஃப். இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல காலேஜையும் பிராஞ்சையும் சேர்த்தே வரிசைப்படுத்தணும். மெக்கானிக்கல் எடுக்கிற பையன் தெர்மோடைனமிக்ஸ்னா என்னன்னு பார்த்ததே கிடையாது. பார்க்காமலே நாலு வருஷத்துக்குக் கையெழுத்து போடறான்.

இங்க (நான் இருக்கிறது அமெரிக்காவோட மிட்வெஸ்ட் பக்கம், ஒரு பெரிய ஸ்டேட் யூனிவர்சிட்டி) பெரும்பாலும் யூனிவர்சிட்டிலதான் சேருவோம், துறையில இல்ல. இன்ஜினியரிங் மாதிரி சிலது மட்டும் முதல் நாளே தனி. மத்தவங்க "அன்டிக்ளேர்டு"ன்னே வரலாம். டிகிரிக்கு வழக்கமா 120 கிரெடிட். அதுல பாதி முடியிறதுக்குள்ள, அதாவது ரெண்டாம் வருஷக் கடைசிக்குள்ள, இதுதான் என் மேஜர், அதாவது டிகிரிக்கான முக்கியப் பாடம்னு முறைப்படி எழுதிக் கொடுக்கணும். கொடுக்கலன்னா அடுத்த செமஸ்டருக்கு ரிஜிஸ்டர் பண்ண விடாம ஹோல்ட் போடற இடங்களும் உண்டு.

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கெடு. எம்ஐடில முதல் வருஷம் முடியும்போதே சொல்லிடணும். ஹார்வர்டுல மூணாவது செமஸ்டர். ஸ்டான்ஃபோர்டு, பிரௌன் எல்லாம் ரெண்டாம் வருஷக் கடைசி வரைக்கும் விடுவாங்க. பிரின்ஸ்டன்ல அந்த நாளை ஒரு விழாவாவே ஆக்கிட்டாங்க. பசங்க எல்லாம் டீ-ஷர்ட் போட்டுட்டு பிளேர் ஆர்ச் படிக்கட்டுல துறை துறையா நின்னு போட்டோ எடுத்துப்பாங்க. (எங்க யூனிவர்சிட்டில அப்படி எதுவும் கிடையாது. அதனால நானே துறை வாசல்ல நின்னு ஒண்ணு எடுத்துக்கிட்டேன். அம்மா அதை வாட்ஸப் டிபில வச்சுட்டாங்க.)

மேஜர்னு ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிற இந்தப் பழக்கத்துக்கு நூத்தம்பது வருஷம்கூட ஆகல. மேஜர், மைனர்ங்கற பேரை ஜான்ஸ் ஹாப்கின்ஸ்லதான் 1877-78 பாடக் கையேட்டுல முதல்ல போட்டாங்கன்னு சொல்றாங்க. ஹார்வர்டுல 1869லேர்ந்து நாப்பது வருஷம் தலைவரா இருந்த சார்லஸ் எலியட், எதை வேணா எடுத்துப் படிங்கன்னு பசங்க கையிலயே விட்டுட்டார். அழகான யோசனை. ஆனா நிறைய பேர் எல்லாத் துறையிலயும் ஆரம்பப் பாடத்தை மட்டும் எடுத்துட்டு, எதுலயும் ஆழமா போகாமலே டிகிரி வாங்கிட்டுப் போனாங்க. 1909ல அவருக்கு அடுத்து வந்த லாரன்ஸ் லோவெல்தான், ஒரு துறையில ஆழமாவும் படிக்கணும், மத்ததுல பரவலாவும் படிக்கணும்னு விதி கொண்டுவந்தார். இன்னிக்கு நாங்க படிக்கிறது கிட்டத்தட்ட அந்த ஏற்பாடுதான்.

இந்தக் கதைய ஏன் இழுக்கிறேன்னா, நான் சொல்ல வந்த விஷயமே அந்த ஆரம்பப் பாடம் பத்தினதுதான்.

முதல் வருஷப் பாடத்தை வச்சு மேஜர் முடிவு பண்ணாதீங்க. மூணாம் வருஷ வகுப்புல போய் உக்காந்து பாருங்க.

அவ்வளவுதான் என் ஞானம். மீதி எல்லாம் விளக்கம்.

ஆரம்பப் பாடம்ங்கறது ஜவுளிக்கடை வாசல்ல பொம்மைக்குக் கட்டி வச்சிருக்கிற புடவை மாதிரி. கூட்டத்தை உள்ள இழுக்கணும், எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் காட்டணும். சைக்காலஜி 101ல கனவு, ஞாபகசக்தி, குழந்தைங்க எப்படிப் பேசக் கத்துக்குதுன்னு அவ்வளவு சுவாரசியம். ஆனா துறைக்குள்ள போனா முதல்ல வந்து நிக்கிறது ஸ்டாட்டிஸ்டிக்ஸும் ரிசர்ச் மெத்தட்ஸும்தான். என் ரூம்மேட் முதல் பாடத்தை விழுந்து விழுந்து படிச்சா. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வந்ததும் இன்னும் ஜாஸ்தி பிடிச்சுப்போச்சு அவளுக்கு! எதிர் ரூம் பொண்ணுக்கு அதே பாடத்துல உயிர் போச்சு. ஆரம்பப் பாடத்துல ரெண்டு பேரும் ஒரே கிரேடு வாங்கினவங்க.

எகனாமிக்ஸும் அப்படித்தான். முதல் பாடத்துல சப்ளை, டிமாண்ட்னு ரெண்டு கோடு. மேல போனா முழுக்க கால்குலஸ், அப்புறம் எகனாமெட்ரிக்ஸ்.

கணக்குதான் இதுல உச்சம். ஸ்கூல்லயும் முதல் ரெண்டு வருஷமும் கால்குலஸ்ல கணக்கு போட்டு விடை கண்டுபிடிப்போம். ரியல் அனாலிசிஸ் வந்ததும் விடைய யாரும் கேக்கறதில்ல, நிரூபிக்கச் சொல்றாங்க. அது வேற ஒரு வேலை. கை பழகின வேலையும் இல்ல. இங்க மத்திய அரசோட கல்விப் புள்ளிவிவர மையம் 2017ல ஒரு அறிக்கை போட்டது. 2011-12ல காலேஜ் சேர்ந்தவங்களைப் பின்தொடர்ந்து பார்த்தா, நாலு வருஷ டிகிரில மேஜர் சொன்னவங்கள்ல 33 சதவீதம் பேர் மூணு வருஷத்துக்குள்ள ஒரு தடவையாவது மாத்தியிருக்காங்க. கணக்கை மேஜரா சொல்லி ஆரம்பிச்சவங்கள்ல 52 சதவீதம்! பாதிக்கு மேல. காரணம் இதுதான்னு அந்த அறிக்கை சொல்லல. ஆனா என்னைச் சுத்தி கணக்கை விட்டவங்க எல்லாரும் அந்த நிரூபணம் வர்ற இடத்துலதான் விட்டாங்க.

சரி, என் கதை.

எல்லாரையும் போல நானும் கம்ப்யூட்டர் சயின்ஸ் மனசோடதான் விமானம் ஏறினேன். முதல் புரோகிராமிங் பாடம் நல்லாவே போச்சு. பைத்தான் எழுதறது இப்பவும் பிடிக்கும். ஆனா எங்க யூனிவர்சிட்டில சிஎஸ்ஸுக்குக் கூட்டம் ஜாஸ்தி. நினைச்சவுடனே டிக்ளேர் பண்ண முடியாது. சில பாடங்கள்ல குறிப்பிட்ட கிரேடு வாங்கி தனியா விண்ணப்பிக்கணும். (இங்க நிறைய பெரிய ஸ்டேட் யூனிவர்சிட்டிகள்ல இதான் நிலைமை. வர்றதுக்கு முன்னாடியே விசாரிச்சுடுங்க. "அன்டிக்ளேர்டா போய் அப்புறம் சிஎஸ்ஸுக்கு மாறிக்கலாம்"னு ஏஜென்ட் யாராவது சொன்னா அந்த யூனிவர்சிட்டி சைட்லயே போய்ப் பாருங்க.) எனக்கு கிரேடு இருந்தது. விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சீனியர் அண்ணாகிட்ட கேட்டு, அவரோட ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் வகுப்புக்குப் போய் பின் வரிசையில உக்காந்தேன்.

பாடம் பாதி புரியல. அது பரவால்ல, புரியாதுன்னு தெரிஞ்சுதான் போனேன். நான் கவனிச்சது வேற. சுத்தி இருந்தவங்க முகத்தை. ஒரு கோளாறு எங்க இருக்குன்னு தேடறதுல அவங்களுக்கு ஒரு வெறி. வகுப்பு முடிஞ்சும் எழுந்திருக்கல, போர்டு முன்னாடி நின்னு சண்டை போடறாங்க. எனக்கு அந்த சண்டைல சேரணும்னு தோணவே இல்ல. அங்கயே தெரிஞ்சுபோச்சு.

ஜியாலஜி எடுத்தது லேபோட ஒரு சயின்ஸ் பாடம் கட்டாயம்ங்கறதால. காலை வகுப்பு, காலியா இருந்தது, எடுத்தேன். ஆரம்பப் பாடம் சுமார்தான். உண்மைய சொல்லணும்ல. பெரிய ஹால், புவித்தட்டு நகர்ற படம், கல்லுக்கு பேர் மனப்பாடம். அதை மட்டும் வச்சு முடிவு பண்ணியிருந்தா இன்னிக்கு இந்தப் பதிவே கிடையாது.

ஆனா சிஎஸ்ல செஞ்சதையே இங்கயும் செய்யலாம்னு பெட்ராலஜி (பாறையியல்) லேபுக்கு அனுமதி கேட்டுப் போனேன். மூணாம் வருஷப் பாடம். ஒரு நீள மேசை, வரிசையா மைக்ராஸ்கோப். கல்லை முடி கனத்தைவிட மெல்லிசா, 0.03 மில்லிமீட்டருக்குத் தேய்ச்சு கண்ணாடித் தகட்டுல ஒட்டி வச்சிருப்பாங்க. வெளிச்சம் ஊடுருவிப் போகும். உதவிக்கு நின்ன ஆராய்ச்சி மாணவர் ஒரு தகட்டை வச்சுட்டு "மேடையைச் சுத்திப் பாரு"ன்னார். சுத்தினேன். இளஞ்சிவப்பா இருந்த ஒரு கனிமம் மெல்ல மெல்ல பச்சையாச்சு. திரும்பச் சுத்தினா மறுபடி சிவப்பு. "இது ஹைப்பர்ஸ்தீன். இந்தப் பாறைக்கு பேர் சார்னோகைட். உங்க இந்தியாவுல மெட்ராஸ் பக்கம்தான் இதுக்கு மூல இடம், பல்லாவரம்னு ஒரு ஊராம்"னார்.

என் ஊர் பல்லாவரம்!

அந்த ஊர் மலை ஓரமாதான் நான் சைக்கிள்ல டியூஷன் போனது. லேபுல எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திட்டேன்.

கதை இன்னும் இருக்கு. கல்கத்தாவுல கிழக்கிந்திய கம்பெனிக்காரர் ஜாப் சார்னோக் சமாதி இருக்குல்ல, அதுக்கு எங்க ஊர்லேர்ந்து கொண்டுபோன கல்லைத்தான் வச்சிருக்காங்க. இந்திய நிலவியல் ஆய்வுத் துறைல இருந்த தாமஸ் ஹாலண்ட் அந்தச் சமாதிக் கல்லை ஆராய்ஞ்சு 1893ல சார்னோக் பேரையே பாறைக்கு வச்சார். அதுக்கும் முப்பது வருஷம் முன்னாடி, 1863ல, அதே துறையில இருந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்துலதான் பழைய கற்கால மனுஷன் செதுக்கின கல் கருவிய எடுத்தார். இந்தியாவோட வரலாற்றுக்கு முந்தின காலத்தைப் பத்தின ஆராய்ச்சியே அங்கேர்ந்துதான் தொடங்குது. பதினேழு வருஷம் அந்த ஊர்ல இருந்தேன். ஒரு வகுப்புல, ஒரு டீச்சர்கூட இதைச் சொன்னது கிடையாது. இதை நினைச்சா மட்டும் எனக்கு இப்பவும் ஆத்தாமையா இருக்கு.

ஊர்ப்பாசத்துல மட்டும் முடிவு பண்ணிடல. திரும்பத் திரும்பப் போனேன். மைக்ராஸ்கோப்ல ஒரே தகட்டை ஒரு மணி நேரம் பார்த்து கனிமங்களை எண்ணிக் குறிக்கிற வேலை இருக்கே, அதுல நிறைய பேருக்குக் கழுத்து வலிச்சு அலுத்துப்போகும். எனக்கு நேரம் போனதே தெரியல. சலிப்பான வேலைய எந்தத் துறையில சலிக்காம செய்ய முடியுதுன்னு பார்க்கணும்னா மூணாம் வருஷத்துக்குத்தான் போகணும். முதல் வருஷத்துல அந்த வேலைய நம்ம கையில கொடுக்கவே மாட்டாங்க.

நம்ம ஆளு ஒருத்தரும் இப்படித்தான் வேற வகுப்புல போய் உக்காந்தார். சுப்பிரமணியன் சந்திரசேகர். பிரசிடென்சி காலேஜ்ல அவருக்குக் கணக்கு எடுக்க ஆசை. அப்பாவுக்கு மகன் ஐசிஎஸ் எழுதணும், அதுக்கு ஃபிசிக்ஸ்தான் சரின்னு. ஃபிசிக்ஸ் ஆனர்ஸ்ல சேர்ந்துட்டு, கணக்கு வகுப்புகளுக்குப் போய்ட்டே இருந்தார். துறையிலயும் அதுக்கு வழி விட்டாங்க. 1983ல நோபல் வாங்கின அந்த வேலை பூரா கணக்கும் ஃபிசிக்ஸும் பின்னிக் கிடக்கிற வேலை. நம்ம காலேஜ்கள்லயும் அடுத்த துறை வகுப்புல உக்கார இந்த மாதிரி ஒரு கதவு திறந்து இருக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. செலவே கிடையாது. ஒரு நாற்காலிதான்.

இப்ப சித்தப்பாவோட ஃபீஸ் கேள்வி. அது நியாயமான கேள்வி. வெளிநாட்டு மாணவங்களுக்கு இங்க ஃபீஸ் ஜாஸ்தி, ஒரு செமஸ்டர் கூடப்போனா வீட்டுக்கு அடி. அதனால "ரெண்டு வருஷம் சும்மா சுத்திப் பாரு"ன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. சுத்திப் பார்க்கிறதுக்கும் ஒரு முறை இருக்கு.

நீளமான சங்கிலிய முதல்ல பிடிக்கணும். சில மேஜர்ல ஒரு பாடம் முடிச்சாதான் அடுத்தது, அது முடிச்சாதான் அதுக்கடுத்தது. இன்ஜினியரிங், ஃபிசிக்ஸ், சங்கீதம் எல்லாம் அப்படி. ஹிஸ்டரி, பொலிட்டிக்கல் சயின்ஸ் எல்லாம் லேட்டா சேர்ந்தாலும் பிடிச்சுடலாம். முடிவு தெரியாத ஆளுங்க முதல் செமஸ்டர்லயே கால்குலஸும் கெமிஸ்ட்ரியும் எடுத்து வச்சுட்டா முக்காவாசிக் கதவு திறந்தே இருக்கும். எனக்கு அதான் காப்பாத்திச்சு. ஜியாலஜிக்கும் அந்த ரெண்டும் வேணும், அதுக்கப்புறம் மினரலாஜி, பெட்ராலஜி, ஸ்ட்ரக்சரல்னு வரிசை. சிஎஸ்ஸுக்காக எடுத்த கால்குலஸ் அப்படியே இங்க செல்லுபடியாச்சு. ருசி பார்க்க எடுக்கிற மத்த பாடங்களை எல்லாம் பொதுக் கட்டாயப் பாடக் கணக்குல வர்ற மாதிரி எடுத்தேன். ஒரு கிரெடிட்கூட வீணா போகல சித்தப்பா!

அப்புறம் யூனிவர்சிட்டி போர்ட்டல்ல "வாட்-இஃப்"னு ஒரு பட்டன் இருக்கும். இந்த மேஜருக்கு மாறினா நான் எடுத்த பாடத்துல எது எது கணக்குல வரும், மிச்சம் எவ்வளவுன்னு காட்டும். யாரும் சொல்லித்தர மாட்டாங்க, நீங்களே தேடி அமுக்குங்க. அந்தப் பிரிண்ட்டோடதான் நான் துறை அட்வைசரைப் பார்க்கப் போனேன். ரெண்டு பேரும் சேர்ந்து மிச்ச செமஸ்டருக்கு அட்டவணை போட்டோம், அவர் கையெழுத்து போட்டார், ரிஜிஸ்ட்ரார் ஆபீஸுக்கு ஃபாரம் போச்சு. டிக்ளேர் பண்றதுன்னா வெளிய தெரியறது இவ்வளவுதான். ஆனா அன்னியிலேர்ந்து துறைல எனக்குன்னு ஒரு பேராசிரியர், மேஜர் பசங்களுக்கு மட்டும் திறக்கிற பாடங்கள்ல இடம், துறை ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்கிற தகுதி.

எஃப்-1 (மாணவர்) விசாக்காரங்களுக்கு இன்னும் ஒரு படி. யூனிவர்சிட்டி கொடுக்கிற ஐ-20 ஃபாரத்துல மேஜர் பேரும் அதுக்கான சிஐபி கோடும் (படிப்பு வகையைக் குறிக்கிற எண்) இருக்கும். டிக்ளேர் பண்ணாலோ மாத்தினாலோ இன்டர்நேஷனல் ஆபீஸ்ல சொல்லி புது ஐ-20 வாங்கணும். இதை ஃபார்மாலிட்டின்னு விட்டுடாதீங்க. படிப்பு முடிஞ்சு வேலை பார்க்கிற ஓபிடி எல்லாருக்கும் 12 மாசம். அந்தக் கோடு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், இன்ஜினியரிங், கணக்கு) பட்டியல்ல இருந்தா மேற்கொண்டு 24 மாசம் நீட்டிப்பு கேக்கலாம் (இப்போதைய விதிப்படி). எகனாமிக்ஸ்ல சாதாரண கோடுக்கு இது கிடையாது, எகனாமெட்ரிக்ஸ் கோடா இருந்தா உண்டு. ஒரே துறை, ரெண்டு கோடு, ரெண்டு வருஷ வித்தியாசம்! அட்வைசர்கிட்ட வாய்விட்டுக் கேளுங்க. ஜியாலஜி பட்டியல்ல இருக்கு. அப்பாவுக்கு அதைச் சொன்னதும்தான் குரல் கொஞ்சம் இறங்குச்சு.

"சரி, கல்லு படிச்சு என்னம்மா வேலை?"ங்கறது சித்தப்பாவோட அடுத்த கேள்வி. கிணத்துல தண்ணி எங்க வரும்னு சொல்றவங்க, அணை கட்ட இடம் பார்க்கிறவங்க, மலைச் சரிவு ஆபத்தைக் கணிக்கிறவங்க, சுரங்க ரயிலுக்கு மண்ணும் பாறையும் சோதிக்கிறவங்க எல்லாரும் இந்தப் படிப்புதான். நம்ம ஊருக்கே திரும்பி வரணும்னா யூபிஎஸ்சி நடத்தற ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வு இருக்கு, அதுல தேறினா ஹாலண்டும் ஃபூட்டும் இருந்த அதே நிலவியல் ஆய்வுத் துறையில வேலை. சித்தப்பா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்ப வீட்ல போர் போடறப்ப நீயே வந்து பாயின்ட் பார்த்துடு"ன்னார். பார்த்துடலாம், ஆனா ரெசிஸ்டிவிட்டி மீட்டர் அவர்தான் வாடகைக்கு எடுக்கணும்.

மேஜர் யோசிச்சிட்டு இருக்கிற தம்பி தங்கச்சிங்களுக்குக் கடைசியா ஒண்ணு. மூணாம் வருஷ வகுப்புக்குப் போறப்ப, அந்த மேஜர்ல வகுப்புக்கு வெளிய என்ன கட்டாயம்னும் கேட்டுடுங்க. டீச்சிங்னா ஸ்கூல்ல போய்ப் பயிற்சி, நர்சிங்னா ஆஸ்பத்திரி நேரம். ஜியாலஜில கோடை விடுமுறைல ஃபீல்டு கேம்ப். பல வாரம் மலையில நடந்து, நாமளே நிலவியல் வரைபடம் போடணும். அதுக்குத் தனி ஃபீஸ், அந்தக் கோடைக்கு ஊருக்கு டிக்கெட் போட முடியாது. எங்க துறைல பெட்ராலஜி வருஷா வருஷம் வேற நடத்தறதில்ல, ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான். இந்த ரெண்டும் தெரிஞ்சதாலதான் கெடு வரைக்கும் காத்திருக்காம இப்பவே டிக்ளேர் பண்ணேன். அடுத்த ஃபால்ல பெட்ராலஜி, அதுக்கடுத்த கோடைல கேம்ப். பூட்ஸ் எந்த பிராண்ட் நல்லா உழைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, தள்ளுபடி போடறப்ப வாங்கிடறேன்.